நெல் மூடையும் நரம்பின் வேகமும்: மனத்தை அளக்கத் தொடங்கியவர்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

மனத்தைப் பற்றிய முதல் விஞ்ஞானச் சோதனைகள் குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த எட்டுக் கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். சோதனைகளுக்குத் தேவையான சாமான்கள் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கிடைப்பவைதான்.

“உளவியல் ஒரு விஞ்ஞானம்” என்று ரியூசனில் சேர் சொன்னார். நிறை, நீளம் என்றால் அளக்கலாம். மனத்தை எதால் அளக்கிறது?
— உயர்தர மாணவி, கிளிநொச்சி

இதே சந்தேகம் இம்மானுவேல் கான்ற் என்ற பெரிய மெய்யியலாளருக்கும் இருந்தது. மனத்தைப் பற்றிய ஆய்வு ஒருநாளும் முறையான விஞ்ஞானமாகாது, கணிதம் அங்கே செல்லாது என்று 1786 இல் எழுதினார். அவருக்குப் பதில் சொன்னது இன்னொரு மெய்யியலாளர் அல்ல. லைப்சிக் நகரில் உடற்றொழிலியல் படிப்பித்த ஏர்ன்ஸ்ற் வேபர். அவர் கேள்வியை மாற்றிக் கேட்டார். “உனக்கு இது எவ்வளவு பாரமாகத் தெரியுது?” என்று கேட்டால் விடையை அளக்க வழியில்லை. “இந்த இரண்டில் எது பாரம்?” என்று கேட்டால் விடை சரியா பிழையா என்று தராசு சொல்லிவிடும். 1834 இல் அவர் வெளியிட்ட முடிவு இது: கையால் தூக்கிப் பார்க்கும்போது, நிறையில் ஏறக்குறைய 40 இல் ஒரு பங்கு கூடினால்தான் வித்தியாசம் பிடிபடும். 200 கிராமுக்கு 5 கிராம், 400 கிராமுக்கு 10 கிராம். கூடிய கிராம் எத்தனை என்பதல்ல, அது எத்தனையில் ஒரு பங்கு என்பதே கணக்கு.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவான, மூடியுள்ள வெற்றுப் பேணிகள் ஏழு எடுங்கள். உலர்ந்த மணலை அரித்துப் போட்டு, ஒன்றை மொத்தம் 200 கிராமுக்குச் சரிசெய்யுங்கள். மற்றவை 202, 204, 206, 208, 210, 212. மணலுக்கு மேல் பழந்துணியை இறுக்கி அடையுங்கள். மணல் குலுங்கினால் காது விடையைச் சொல்லிவிடும். நிறையை அடிப்பக்கத்தில் எழுதுங்கள். தூக்குபவர் கண்ணைக் கட்டி, முழங்கையை மேசையில் ஊன்றி, எப்போதும் ஒரே கையால், ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி வைக்கவேண்டும். இரண்டு மூன்று செக்கனுக்குள் அடுத்ததைக் கொடுங்கள். “இரண்டும் ஒன்று” என்ற விடையை ஏற்கவேண்டாம். தெரியாவிட்டால் ஊகித்தாவது சொல்லட்டும். 200 கிராம் பேணியை மற்ற ஒவ்வொன்றோடும் 20 தடவை ஒப்பிடுங்கள். அதில் 10 தடவை அதை முதலாவதாகவும் 10 தடவை இரண்டாவதாகவும் கொடுங்கள், ஆனால் ஒழுங்கைக் கலக்குங்கள். 20 இல் 10 சரி என்றால் அது வெறும் ஊகம். 15 சரி வருகிற இடத்தை அவருடைய எல்லையாக எடுங்கள். பிறகு எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, 400, 404, 408 என்று தொடங்கித் திரும்பச் செய்யுங்கள். எல்லையும் ஏறத்தாழ இரட்டிப்பானால் வேபர் கண்டதை நீங்களும் கண்டுவிட்டீர்கள்.

பிழைப்பது எங்கே? கை களைத்தால் எல்லாமே பாரம்தான், ஆகையால் 60 சோடிக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். இரண்டாவதாகத் தூக்கியதைப் பாரம் என்று சொல்லும் சாய்வு பலருக்கு உண்டு. முன்னும் பின்னும் சரிபாதியாகக் கொடுக்கச் சொன்னது அதற்காகத்தான். பேணிகள் ஒரே பருமனில் இல்லாவிட்டால் சோதனை கெட்டுவிடும்: ஒரே நிறையுள்ள இரண்டில் பெரியது இலேசாகத் தெரியும் என்பதை 1891 இல் சார்பந்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டினார். ஒன்று வெயிலிலும் மற்றது நிழலிலும் கிடந்ததா என்றும் பாருங்கள். குளிர்ந்த நாணயம் நெற்றியில் சூடான நாணயத்தை விடப் பாரமாகத் தெரிந்ததை வேபரே குறித்திருக்கிறார். கொடுப்பவரின் குரலும் விடையைக் காட்டிக்கொடுக்கும். வாய் பேசாமல் கொடுங்கள்.

வேபர் போட்ட அத்திவாரத்தில் வீட்டை எழுப்பியவர் அதே லைப்சிக்கில் இருந்த குஸ்தாவ் பெக்னர். பௌதிகவியல் பேராசிரியரான அவர் நிறக் கண்ணாடி வழியே சூரியனைப் பார்த்துச் சோதனை செய்து கண்ணைக் கெடுத்துக்கொண்டு, பதவியை விட்டு, சில வருடங்கள் இருட்டறைக்குள் கிடந்தவர். 1850 ஒக்ரோபர் 22 காலை படுக்கையில் கிடந்தபோது இந்த வழி பிடிபட்டதாக அவரே நாளைக் குறித்துவைத்தார். வெளியே தூண்டல் பெருக்கலாக ஏற, உள்ளே உணர்வு கூட்டலாக ஏறுகிறது என்பது அவர் கண்ட சூத்திரம். கரண்ட் இல்லாத இரவில் ஒரு குப்பி விளக்குக்குப் பக்கத்தில் இரண்டாவதை ஏற்றினால் அறையே மாறிவிடும். பத்து விளக்கு எரிகிற இடத்தில் பதினோராவதை யாரும் கவனிப்பதில்லை. 1860 இல் அவர் வெளியிட்ட நூலில் நிறை தூக்கும் ஒரு சோதனைக்கு மட்டும் 24,576 ஒப்பீடுகள். இந்தப் பொறுமைதான் கான்ற் மூடிய கதவைத் திறந்தது என்பது எங்கள் எண்ணம்.

இதில் நெல் விற்பவர்களுக்கும் ஒரு சொல். சிறு நிறைக்கான கணக்கை மூடைக்கு அப்படியே போடக்கூடாது. என்றாலும், 60 கிலோ மூடையில் ஒரு கிலோ என்பது 60 இல் ஒரு பங்குதான். தூக்கிப் பார்த்து “சரியாத்தான் இருக்கு” என்று சொல்லும் எந்தக் கையையும் நம்பவேண்டாம். தராசில் வையுங்கள்.

விடியக் கிணத்துத் தண்ணி சூடாயிருக்கு, மத்தியானம் குளிருது. கிணத்துக்குள்ள ஆர் அடுப்பு மூட்டுறது என்று என்ர மகள் கேட்கிறாள்.
— வாசகர், முள்ளியவளை

அடுப்பு மகளின் தோலில்தான் இருக்கிறது. கிணற்றின் ஆழத்து நீர் ஒரே நாளுக்குள் பெரிதாகச் சூடேறுவதோ குளிர்வதோ இல்லை. விடியற்காலைக் குளிர்காற்றில் தோல் குளிர்ந்துவிடுவதால் தண்ணீர் சூடாகத் தெரிகிறது. மத்தியான வெயிலில் தோல் சூடேறியிருப்பதால் அதே தண்ணீர் குளிர்கிறது. தோல் வெப்பமானிபோல வேலை செய்வதில்லை. தன் நிலையிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு விலகல் என்பதைத்தான் சொல்லும்.

மகளிடம் மூன்று வாளி கொடுங்கள். ஒன்றில் கை பொறுக்கும் சுடுதண்ணீர், ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், நடுவில் கிணற்றுத் தண்ணீர். வலக்கையைச் சூட்டிலும் இடக்கையைக் குளிரிலும் ஒரு நிமிடம் முழுதாக வைத்திருந்து, பிறகு இரண்டையும் சேர்த்து நடு வாளிக்குள் விடட்டும். ஒரே தண்ணீரை ஒரு கை குளிர் என்றும் மறு கை சூடு என்றும் சொல்லும். ஒரு நிமிடத்துக்கு முன்னே கையை எடுத்துவிட்டால் வித்தியாசம் மங்கிவிடும். பிள்ளைகள் வழக்கமாக விடுகிற பிழை அதுதான். இதை ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவிட்டார். சூடும் குளிரும் பொருளில் மட்டும் இருக்கிற குணமல்ல, உணர்பவருக்கும் அதில் பங்குண்டு என்று காட்ட அவர் எடுத்த உதாரணம் இது.

இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றருக்கு மூன்று ஆசிரியர்கள் நேரம் எடுக்கிறோம். மூன்றும் ஒருநாளும் ஒத்துவராது. ஆரில பிழை?
— விளையாட்டுப் பொறுப்பாசிரியர், துணுக்காய்

ஒருவரிலும் இல்லை. இதே விசயத்தால் ஒருவரின் வேலையே போயிருக்கிறது, அதையும் சொல்கிறோம்.

இங்கிலாந்தின் கிறீனிச் வானியல் கூடத்தில், தொலைநோக்கியின் கம்பியை நட்சத்திரம் கடக்கும் கணத்தை மணிக்கூட்டின் அடியைக் காதால் எண்ணிக்கொண்டே கண்ணால் குறிப்பார்கள். தலைமை வானியலாளர் மாஸ்கலின், தன் உதவியாளர் கினபுறூக் குறிக்கும் நேரம் தன்னுடையதிலிருந்து 0.8 செக்கன் பிந்துவதைக் கண்டு, கவனக்குறைவு என்று முடிவுகட்டி 1796 இல் அவரை நீக்கிவிட்டார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து பெசல் என்ற ஜேர்மன் வானியலாளர் அந்தப் பதிவைப் படித்துவிட்டு, பேர்பெற்ற வானியலாளர்களையே தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களுக்கிடையிலும் ஒரு செக்கனுக்கு மேல் வித்தியாசம் வந்தது. கண்ணும் காதும் சேருவதற்கு ஆளுக்கு ஆள் வேறு நேரம் எடுக்கிறது. கினபுறூக் பிழை ஏதும் செய்யவில்லை. மனம் வேலை செய்ய நேரம் எடுக்கிறது என்ற உண்மை இந்த அநியாயத்திலிருந்துதான் வெளியே வந்தது.

உங்கள் மைதானத்துக்கு வருவோம். முடிவுக்கோட்டில் நிற்பவர் வெடிச்சத்தம் கேட்டு மணிக்கூட்டை அமத்தினால், சத்தம் 100 மீற்றர் வந்துசேரவே ஏறத்தாழ 0.3 செக்கன் ஆகிவிடும். புகையை அல்லது கொடியைப் பார்த்து அமத்தவேண்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 0.2 செக்கன் பிந்தும். முடிவில் ஓடிவருபவரைக் கண்ணால் தொடர்ந்து பார்ப்பதால் அங்கே அவ்வளவு பிந்தாது. இதனால் கையால் எடுத்த நேரம் எப்போதும் உண்மையை விடக் குறைவாகத்தான் வரும். 100, 200 மீற்றரில் கைநேரத்தை மின்னியல் நேரத்தோடு ஒப்பிட 0.24 செக்கன் கூட்டும் வழக்கம் இதனால்தான் வந்தது.

போட்டிக்கு முதல்நாள் நேரங்காப்பாளர் மூவரையும் அளந்து வையுங்கள். 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை ஒருவர் நிலைக்குத்தாகப் பிடிக்க, மற்றவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் பூச்சியக் கோட்டில் தொடாமல் விரித்து வைத்திருக்கவேண்டும். சொல்லாமல் விடுங்கள். பிடித்த இடம் 5 சென்ரிமீற்றர் என்றால் 0.10 செக்கன், 10 என்றால் 0.14; 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. ஐந்து தடவை பழகவிட்டு, பிறகு 20 தடவை எடுத்து நடுவில் வரும் பெறுமானத்தை எழுதுங்கள். 7 சென்ரிமீற்றருக்குக் கீழே வந்தால் அவர் ஊகித்துப் பிடித்திருக்கிறார், அதைக் கழித்துவிடுங்கள். விடுபவர் ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளியில் விடுவதுதான் இந்த ஊகத்துக்குக் காரணம்.

நரம்பின் வேகத்தை அளந்தார்கள் என்று தரம் 11 பிள்ளைகளுக்குச் சொன்னேன், நம்ப மறுக்கிறார்கள். ஆய்வுகூடம் இல்லாமல் காட்ட வழியுண்டா?
— விஞ்ஞான ஆசிரியை, அக்கராயன்

ரீச்சர், 20 பிள்ளைகளும் போனில் ஒரு நிறுத்தற் கடிகாரமும் போதும்.

நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்றுதான் யொகான்னஸ் மியூலர் போன்ற பெரிய உடற்றொழிலியலாளர்கள் நினைத்தார்கள். அவருடைய மாணவர் கெல்ம்கோல்ற்ஸ் 1850 இல் தவளையின் கால் நரம்பைத் தசையோடு எடுத்து, தசைக்குக் கிட்டவும் எட்டவும் மின்னால் தூண்டி, தசை சுருங்கும் நேர வித்தியாசத்தைப் பார்த்தார். செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் வந்தது. மின்னலைப்போலப் பாயும் என்று நினைத்தது, காற்றில் போகும் சத்தத்துக்கும் பத்து மடங்கு பின்னால் நின்றது. மனிதரிலும் காலிலும் தொடையிலும் தூண்டிப் பார்த்தார். அந்த முறையைத்தான் வகுப்பில் செய்யப் போகிறீர்கள்.

பிள்ளைகளை நிலத்தில் வட்டமாக இருத்துங்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வட்டம், பெண் பிள்ளைகளுக்கு ஒரு வட்டம். முதற் சுற்றில் ஒவ்வொருவரும் வலக்கையால் அடுத்தவரின் கணுக்காலைப் பிடிக்கவேண்டும். கண்களை மூடச் சொல்லுங்கள். தலைவி இடக்கையால் கடிகாரத்தை அமத்திக்கொண்டே வலக்கையால் அடுத்தவரின் காலை அழுத்துவாள். தன் காலில் அழுத்தம் வந்தவுடன் ஒவ்வொருவரும் அடுத்த காலை அழுத்த, சுற்றி வந்து தன் காலில் பட்டதும் தலைவி நிறுத்துவாள். அடுத்த சுற்றில் எல்லாம் அப்படியே, கணுக்காலுக்குப் பதில் தோள். பதில் சொல்லும் கை இரண்டிலும் ஒன்றுதான் என்பதால், மூளை வேலைக்கும் கைக்கும் போகும் நேரம் கழிபட்டுவிடும். எஞ்சுவது காலிலிருந்து மேலே ஏற ஆகும் கூடுதல் நேரம். இந்தக் கழித்தல் உத்தியை 1868 இல் நெதர்லாந்தின் டொண்டர்ஸ் மனத்தின் உள்வேலைகளுக்கே பயன்படுத்தினார். பச்சை விளக்குக்கு மட்டும் கை எடு என்றால் ஆகும் நேரத்திலிருந்து, எந்த விளக்குக்கும் எடு என்றால் ஆகும் நேரத்தைக் கழித்தால், இது பச்சையா என்று பிரித்தறிய ஆகும் நேரம் வரும் என்பது அவர் யோசனை. கழித்தால் மற்றதெல்லாம் அப்படியே நிற்கும் என்ற அவர் நம்பிக்கை முழுச் சரியில்லை என்று பின்னால் தெரியவந்தது. ஆனால் யோசனை நல்ல யோசனை.

கணக்குக்கு: கணுக்காலிலிருந்து பிடரி வரை அளந்து, தோளிலிருந்து பிடரி வரை உள்ளதைக் கழியுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ 1.1 மீற்றர் வரும். 20 பேர் இருக்கும் ஒரு வட்டத்துக்கு 22 மீற்றர். கால் சுற்று தோள் சுற்றை விட 0.45 செக்கன் கூட எடுத்தது என்று வைத்தால், 22 ஐ 0.45 ஆல் வகுக்க செக்கனுக்கு 49 மீற்றர்.

முதல் ஐந்து சுற்றைக் கணக்கில் எடுக்கவேண்டாம். பழக்கத்தால் நேரம் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும். காலை முழுக்க முடித்துவிட்டுத் தோளுக்குப் போனால் அந்தப் பழக்கத்தின் இலாபம் தோளுக்கே போய், வித்தியாசம் பொய்யாகப் பெருக்கும். கால், தோள், தோள், கால் என்ற ஒழுங்கில் ஒவ்வொன்றும் ஐந்து சுற்று எடுங்கள். காற்சட்டைத் துணிக்கு மேல் மெல்லத் தொட்டால் உணரவே பிந்தும். வெறுங்காலில், எல்லோரும் ஒரே அளவாக அழுத்தவேண்டும். யாராவது சிரித்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். சிரிப்பார்கள்.

என்ர பேரன் ஓ.எல். எடுக்கிறான். சோதனைக்கு முதல்நாள் இரவிரவா இருந்து பாடமாக்கிறான், விடிய எழும்பினால் பாதி இல்லை. என்ன செய்யலாம்?
— ஒரு அம்மம்மா, மாங்குளம்

அம்மம்மா, மறதிக்கு ஒரு வரைபடம் இருக்கிறது, அதைப் பேரனுக்குக் காட்டுங்கள். கீறியவர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன்காரர். ஆய்வுகூடமில்லை, உதவியாளர் இல்லை. தன்னையே சோதனைப் பொருளாக்கி, அர்த்தமில்லாத 2,300 அசைகளைக் கட்டி, அவற்றில் 13 அசை கொண்ட வரிசைகளை நிமிடத்துக்கு 150 என்ற தாளத்தில் வாசித்து வாசித்துப் பாடமாக்கினார். அர்த்தமுள்ள சொல்லை எடுத்தால் பழைய அறிவு உதவிக்கு வந்துவிடும் என்பதால் வெறும் அசை. தமிழில் ஞெப், றௌத், மிச், ணூக், ழெட் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் அளந்தது மிச்சத்தை. முதல்முறை ஒரு வரிசைக் கட்டுக்கு 20 நிமிடம் போனது, மறுநாள் திரும்பப் பாடமாக்க 13 நிமிடம் போதுமென்றால், 7 நிமிடம் மிச்சம். அந்த மிச்சம்தான் மனத்தில் நின்ற பங்கு. 1885 இல் அவர் தந்த எண்கள்: 20 நிமிடத்துக்குப் பிறகு மிச்சம் 58 வீதம், ஒரு மணித்தியாலத்தில் 44, ஒரு நாளில் 34, இரண்டு நாளில் 28, ஆறு நாளில் 25, 31 நாளில் 21. இந்த எண்களை ஒருதரம் திரும்பப் பாருங்கள். பெரிய இழப்பெல்லாம் முதல் மணித்தியாலத்துக்குள். ஆறாம் நாளிலிருந்து மாதக்கடைசி வரை போனது நாலே நாலு வீதம். பேரனின் “பாதி இல்லை” என்ற முறைப்பாடு அவன் சோம்பேறி என்பதைக் காட்டவில்லை. மறதி இயல்பாக ஓடும் ஓட்டம் அது.

மருந்தும் அந்த நூலிலேயே இருக்கிறது. 12 அசை வரிசைகளை ஒரே இருப்பில் 68 தடவை வாசித்ததால் மறுநாளைக்குக் கிடைத்த அதே பலன், மூன்று நாளுக்குப் பிரித்து வாசித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது. பாதி உழைப்பு. இன்னொன்று: அர்த்தமுள்ள கவிதையைப் பாடமாக்க, அதே நீளமுள்ள வெற்று அசைக்குத் தேவைப்பட்ட வாசிப்பில் பத்தில் ஒரு பங்கு அவருக்குப் போதுமாக இருந்தது. வரலாற்றுப் பாடத்தை விளங்காமல் பாடமாக்கும் பிள்ளை, விளங்கிய பிள்ளையை விடப் பல மடங்கு பாடுபடுவதன் காரணம் இதுதான்.

ஆகவே இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பாடம் படித்த அன்றிரவே பத்து நிமிடம் திரும்பப் பார்க்கவேண்டும். பிறகு மறுநாள், மூன்றாம் நாள், ஒரு கிழமையில், ஒரு மாதத்தில். ஒவ்வொரு முறையும் கொப்பியை மூடிவைத்து, நினைவில் இருப்பதை ஒரு கடதாசியில் எழுதி, பிறகு திறந்து பிழையைத் திருத்தவேண்டும். திறந்த கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் “தெரியும்” என்ற நினைப்புத்தான் வளரும். 1917 இல் ஆர்தர் கேற்ஸ் என்ற அமெரிக்கர் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்ததும் இதுதான்: படிப்பு நேரத்தில் பெரும்பங்கைப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதற்குக் கொடுத்த பிள்ளைகளுக்குக் கூட நின்றது. இரவிரவாக விழித்திருக்க விடவேண்டாம். 1924 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை வைத்து நடத்திய சோதனையில், பாடமாக்கிவிட்டு நித்திரை கொண்டபோது, அதே நேரம் விழித்திருந்ததை விடக் குறைவாகவே மறந்தார்கள்.

பெரிய நெற்றி, புடைத்த மண்டை உள்ளவன் மூளைசாலி என்கிறார்களே?
— வாசகர், செட்டிகுளம்

இல்லை. பிரான்ஸ் யோசப் கால் என்ற மருத்துவர் மண்டையின் மேடுபள்ளத்தில் 27 குணங்கள் தெரியும் என்று வகுத்தார். தனக்குச் சார்பான தலைகளைச் சேர்த்தார். ஒத்துவராத தலைகளுக்குச் சமாதானம் சொன்னார். அப்படிச் செய்தால் எந்தக் கருத்தும் நிரூபணமாகிவிடும். மூளையின் வடிவத்தை மண்டையோட்டின் வெளிப்புறம் அப்படியே காட்டுவதும் இல்லை. ஆனால் மூளையில் வேலைப் பங்கீடு உண்டு என்ற அளவில் அவர் சரி. 1861 இல் பாரிசில் போல் புறோக்கா, “தான்” என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேசமுடியாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் பார்த்தபோது, இடப்பக்க முன்பகுதி பழுதாகியிருந்தது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்ட ஒருவருக்குப் பேச்சும் போய்விடுவதைக் கண்டிருப்பீர்கள். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் இரண்டும் சேர்ந்து வரலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததா? நம் முன்னோருக்குத் தெரியாதா?
— ஓய்வுபெற்ற அதிபர், நெடுங்கேணி

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்து, மெய், நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஐந்தையும் அடுக்கி, ஆறாவதாக மனத்தை வைக்கிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நாலு அந்தக்கரணங்களைச் சைவ சித்தாந்தம் பிரிக்கிறது. இவை ஆழமான பகுப்புகள். பெருமையோடு படிப்பியுங்கள் ஐயா. பகுப்பது வேறு, அளப்பது வேறு. அளக்கும் வேலை ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டில்தான் முறையாகத் தொடங்கியது. ஜேர்மன் உளவியலாளர் வுண்ற் லைப்சிக்கில் உளவியலுக்கென்று ஆய்வுகூடம் தொடங்கியதே 1879 இல்தான்.

இறுதி யுத்தத்தில் அண்ணாவுக்கு இடக்கால் முழங்காலுக்குக் கீழே போனது. இல்லாத காலின் பெருவிரல் மடங்கி வலிக்குது என்று இரவில் எழும்பி இருப்பார். ஆட்கள் “மனப்பிரமை” என்று சொல்ல, இப்போது அவர் எங்களிடமும் சொல்வதில்லை.
— ஒரு தங்கை, புதுக்குடியிருப்பு

தங்கச்சி, முதலில் அண்ணாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்: வலி உண்மையானது, அவருக்குப் புத்தி பிசகவில்லை, கால் இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படி இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படை மருத்துவர் அம்புறுவாஸ் பாரே இதை எழுதிவைத்தார். 1641 இல் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட், இல்லாத உறுப்பில் வலி வரும் என்றால் வலி உணரப்படுவது வேறெங்கோ என்று இதை வைத்தே வாதிட்டார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் காயப்பட்ட சிப்பாய்களைப் பிலடெல்பியாவில் பார்த்த சைலஸ் வெயர் மிச்சல், கை கால் இழந்த 90 பேரைக் கேட்டு, அவர்களில் 86 பேர் இல்லாத உறுப்பை உணர்வதாக எழுதினார். விரல்கள் மடங்கி இறுகியிருப்பதும், பாதம் மேலே ஏறி முழங்காலுக்குக் கிட்ட வந்துவிட்டதுபோல இருப்பதும் அந்தக் காலத்திலேயே பதிவானவை.

காரணம் இரண்டு இடத்தில் இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பின் நுனி முண்டுபோல வளர்ந்து தானாகச் செய்தி அனுப்பும். மூளையிலோ அந்தக் காலுக்கான இடம் அழிந்துபோவதில்லை. “மடக்கு, விரி” என்று கட்டளை போகிறது, விரிந்தது என்ற பதில் திரும்பி வருவதில்லை.

இந்தப் பதிலைக் கண்ணால் கொடுக்கலாம் என்று 1990களில் காட்டியவர் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன். கண்ணாடி ஒன்று போதும். அலுமாரிக் கண்ணாடிபோல நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். விளிம்புக்கு ரேப் ஒட்டுங்கள். அண்ணா செயற்கைக் காலைக் கழற்றி, பாயில் கால் நீட்டி இருக்கட்டும். கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவில் நெடுக்காக நிறுத்துங்கள். கண்ணாடியின் முகம் நல்ல காலைப் பார்க்க, எஞ்சிய கால் பின்னால் முழுதாக மறையவேண்டும். நல்ல காலில் கட்டியிருக்கும் நூலைக் கழற்றுங்கள், காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டுங்கள்; அடையாளம் ஏதும் தெரிந்தால் கண் நம்பாது. வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து கண்ணாடிக்குள் பார்த்தால் இரண்டு காலும் இருக்கும்.

முதல் சில நிமிடம் அசைக்கவேண்டாம், பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். பிறகு நல்ல காலின் விரல்களை மெதுவாக மடக்கி விரிக்க, இல்லாத காலாலும் அதையே செய்ய முயலவேண்டும். பத்து தடவை. பிறகு பாதத்தை மேலும் கீழும், பிறகு உள்ளும் வெளியும். ஒருநாளைக்கு 15 நிமிடம், நாலு கிழமை. கால் இழந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் இந்த அளவில் செய்த ஒரு சிறிய ஆய்வு 2007 இல் வெளிவந்தது. கண்ணாடியைப் பார்த்துச் செய்தவர்களின் வலி குறைந்தது. எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்லமாட்டோம்.

பலன் வராமல் போவது பெரும்பாலும் இதனால்: கண்ணாடி சிறியது, அசைவு வேகம், நடுவில் ஆட்கள் வந்து போவது, ஒரு கிழமையில் விட்டுவிடுவது. தலை சுற்றினாலோ வலி கூடினாலோ அன்றைக்கு நிறுத்துங்கள். இரண்டு காலையும் கண்டவுடன் அழுகை வரலாம். பக்கத்தில் இருங்கள், எதுவும் சொல்லவேண்டாம்.

கண்ணாடிக்கு முன்பாக எஞ்சிய காலின் நுனியையும் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சீழ், செயற்கைக் கால் உரசிய புண் இருந்தால், அல்லது ஒரு புள்ளியில் தட்டும்போது கரண்ட் அடித்தமாதிரி இருந்தால், முதலில் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உண்டு. சாதாரண வலிக்குளிசை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. வைத்தியரிடம் “கால் வலி” என்று மட்டும் சொல்லாமல், இல்லாத பாதத்தில் எந்த விரல், எப்படி மடங்கியிருக்கு, இரவில் எத்தனை தடவை எழும்புகிறார் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.